பதில்: சுருள்முடி ஒவ்வொரு முறையும் குட்டையாகிவிடுகிறது

ஒவ்வொரு முறை வெட்டும்போதும் முடி, முடிதிருத்துபவரிடம் நீங்கள் சொன்னதைவிடக் குட்டையாகி, கீழே முக்கோணமாக விரிகிறது என்றால் இரண்டு தவறு நடக்கிறது. ஈர முடியை இழுத்துப் பிடித்து வெட்டுகிறார்கள், காய்ந்ததும் சுருள் மேலேறிவிடும். முக்கோணத்துக்குக் காரணம், லேயர் (அடுக்கடுக்காக வெவ்வேறு நீளம்) இல்லாமல் ஒரே நீளத்தில் வெட்டுவது.

புதிய முடிதிருத்துபவரிடம் முதலில் பேச மட்டும் போங்கள். எண்ணெய், ஜெல் எதுவும் வேண்டாம், முடியைக் கட்டவும் வேண்டாம். ஈரத்தில் வெட்டுவாரா, காய்ந்தபின்பா என்று கேளுங்கள். ஈரத்தில் என்றாலும் தப்பில்லை (நன்றாக வெட்டுபவர்கள் உண்டு), ஆனால் ஒரு சுருளை இழுத்துவிட்டு எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். முன்பக்கம், பின்கழுத்து, உச்சி மூன்றிலும் சுருக்கம் வேறுபடும். பார்க்காதவரிடம் உட்காராதீர்கள். அடர்த்தியைக் குறைக்கப் பல்கத்தரியை எடுத்தால் மறுத்துவிடுங்கள், குட்டை முடிகள் நடுவில் நின்று சிலிர்க்கும்.

முதல் முறை 2 செ.மீ. மட்டும் வெட்டினால் போதும். முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ.தான் வளரும்.