நெடுந்தூரச் சைக்கிள் பயணம்: பணம் கட்டுவதற்கு முன் (கேள்வி-பதில்)

நண்பர்களோடு சேர்ந்து, ஒரு நல்ல காரியத்துக்கு நிதி திரட்ட நெடுந்தூரம் சைக்கிளில் போகப் புறப்படுகிறவர்களின் கடிதங்கள் இவை. இடம் கருதிச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: நாங்கள் ஆறு பேர். ஒரே மாடலில் ஆறு சைக்கிள் எடுத்தால் கடையில் தள்ளுபடி தருகிறார்கள். வாங்கலாமா?

பதில்: ஒரே மாடல் நல்லதுதான். ஒருவர் ட்யூப் இன்னொருவருக்கு ஆகும், பிரேக் கட்டையும் ஆகும். ஆனால் ஆறு பேரும் ஒரே உயரமா? அவரவர் உடம்புக்கேற்ற ஃபிரேம் அளவில் ஆறும் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். விற்காமல் தேங்கிய ஒரே அளவை எல்லார் தலையிலும் கட்டப் பார்த்தால் தள்ளுபடியே வேண்டாம். இருக்கையை ஏற்றி இறக்கலாம். ஃபிரேமின் நீளத்தை மாற்ற முடியாது.

கேள்வி: தார்ச்சாலைப் பயணத்துக்கு முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிள் தேவையா?

பதில்: தேவையில்லை. எடைதான் கூடும். 28 அல்லது 32 மி.மீ. அகல டயர் போதும்.

கேள்வி: நீண்ட நேரம் உட்கார வேண்டும். தடிமனான ஜெல் இருக்கை வாங்கலாமா?

பதில்: நான் ஒன்று வாங்கினேன். முதல் ஒரு மணி நேரம் சொகுசாக இருந்தது, பிறகு மரத்துப்போனது. உறையைப் பிரித்துவிட்டதால் கடைக்காரர் திருப்பி எடுக்கவும் மறுத்துவிட்டார். உட்காரும் எலும்புகள் இரண்டும் நன்றாகத் தாங்கும் அகலம்தான் முக்கியம். மெத்தை அளவுக்கு மீறினால் நடுப்பகுதியை அழுத்தும். ஓட்டிப் பார்த்துத் திருப்பித் தர அனுமதிக்கும் கடையில் வாங்குங்கள். மிச்சப் பணத்தைத் திண்டு வைத்த அரைக்கால் சட்டைக்குச் செலவிடுங்கள். அதை உள்ளாடை இல்லாமல்தான் அணிய வேண்டும்.

கேள்வி: அறப்பணிக்காகச் சைக்கிள் பயணம் என்று விளம்பரம் செய்த ஏற்பாட்டாளரிடம் நானும் நண்பர்களும் பணம் கட்டினோம். பயணம் ரத்தாகிவிட்டது. "அது நன்கொடை, திரும்பாது" என்கிறார். எதுவும் செய்ய முடியாதா?

பதில்: முடியும். உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை. விளம்பரம், ரசீது, வங்கிப் பதிவு, வந்த செய்திகள் எல்லாவற்றையும் இன்றே சேமித்துவையுங்கள். கட்டிய தொகையில் எவ்வளவு நன்கொடை, எவ்வளவு கட்டணம் என்று எழுத்தில் கேளுங்கள். விளம்பரத்தில் பெயர் போட்ட அறக்கட்டளைக்கே நேராக எழுதி, பணம் வந்து சேர்ந்ததா, தங்கள் பெயரைப் பயன்படுத்த அனுமதி தந்தார்களா என்று விசாரியுங்கள். கார்டில் கட்டியிருந்தால் வங்கியில் ஆட்சேபணை பதிவு செய்யுங்கள். அதற்குக் கெடு உண்டு, தாமதம் வேண்டாம். நுகர்வோர் புகாரை எல்லாரும் சேர்ந்தே கொடுங்கள்.

இந்த மோசடியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது. தங்குமிடம், சாப்பாடு, பின்னால் வரும் உதவி வண்டி ஆகியவற்றுக்கு வாங்குவது விலை. பிறர் துயர் தீர்க்கக் கொடுப்பது நன்கொடை. இரண்டையும் ஒரே தொகையாகக் குழைத்து வாங்கிவிட்டால், சேவை எங்கே என்றால் நன்கொடை என்பார்கள். நன்கொடைக் கணக்கு எங்கே என்றால் செலவாகிவிட்டது என்பார்கள். இரண்டும் தனித்தனி ரசீதாக வராத இடத்தில் ஒரு காசும் கட்டாதீர்கள். நீங்களே ஏற்பாடு செய்தாலும் இதே விதிதான். பயணச் செலவு உங்கள் கைப்பணம். கொடுப்பவர் பணம் நேராக அறக்கட்டளையின் கணக்குக்குப் போகட்டும். அதிலிருந்து செலவுக்கு எடுப்பதாக இருந்தால், கேட்கும்போதே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பழைய சைக்கிளைப் படத்தில் பார்த்து முழுப் பணமும் அனுப்பினேன். வந்த பிறகு பார்த்தால் ஃபிரேமில் விரிசல். ஓட்டலாமா?

பதில்: ஓட்டாதீர்கள். விரிசலைப் படமெடுத்து விற்றவருக்கு உடனே எழுதுங்கள். ஆனால் பார்க்காத பொருளுக்கு முழுப் பணத்தையும் ஏன் அனுப்பினீர்கள்? இதே கேள்வியை எத்தனை முறை எழுதுவது! பழைய சைக்கிள் வாங்குகிறவர்கள் நேரில் போய்க் கவிழ்த்துப் பாருங்கள். பெரும்பாலும் பெடல் கைகள் ஃபிரேமில் சேரும் இடத்துக்குக் கீழேதான் வரிசை எண் பொறித்திருக்கும். அது சுரண்டப்பட்டிருந்தால் திருட்டுப் பொருளாக இருக்கலாம், வந்துவிடுங்கள். செயினையும் அளந்து பாருங்கள். புதிதில் 24 கண்ணிகள் 12 அங்குலம். அது 12⅛ அங்குலம் ஆகியிருந்தால் பற்சக்கரங்களும் தேய்ந்திருக்கக் கூடும். அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நண்பர் தரும் ஹெல்மெட் ஒருமுறை விபத்தில் அடிபட்டது. வெளியே கீறல்கூட இல்லை. பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. உள்ளிருக்கும் நுரை நசுங்கித்தான் தலையைக் காக்கிறது. நசுங்கியது மீளாது; வெளியே தெரியவும் தெரியாது.

கேள்வி: அடுத்த வாரம் புறப்படுகிறோம். இப்போது புதுச் சைக்கிள் வாங்கினால் போதுமா?

பதில்: போதாது. புதுச் சைக்கிளில் பிரேக், கியர் கேபிள்கள் ஓட்ட ஓட்டத் தளரும். சக்கரக் கம்பிகளும் தளரலாம். சில வாரம் ஓட்டி, மறுபடி முறுக்கிச் சரிபார்த்த பிறகே நெடுந்தூரத்துக்கு ஆகும். இருக்கிற சைக்கிளைப் பழுதுபார்த்துக்கொண்டு போங்கள், அல்லது தேதியைத் தள்ளிவையுங்கள்.