முழங்கால் தேய்ந்தால் நடக்கக் கூடாதா?

கேள்வி: என் அம்மாவுக்கு 64 வயது, நிறை 74 கிலோ, நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் இருக்கின்றன. லிப்ட் இல்லாத தொடர்மாடியொன்றின் மூன்றாம் மாடியில் வசிக்கிறோம். எக்ஸ்ரேயைப் பார்த்த வைத்தியர் ஒருவர் "மூட்டு தேய்ந்துவிட்டது" என்று சொன்ன நாளிலிருந்து, நடந்தால் இன்னும் தேயும் என்று பயந்து கோயிலுக்குப் போவதையும் அம்மா விட்டுவிட்டார். சத்திரசிகிச்சை இல்லாமல் நோவைக் குறைக்க வழியுண்டா?
– ஒரு மகள், வெள்ளவத்தை

பதில்: உண்டு, அம்மா கைவிட்ட அந்த நடையிலிருந்தே அது தொடங்குகிறது. "தேய்வு" என்ற சொல்லைக் கேட்டதும் செருப்பின் அடி தேய்வதுதான் நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் எலும்பு முனைகளை மூடியிருக்கும் கசியிழையத்துக்குள் இரத்தக் குழாய்கள் இல்லாததால், மூட்டு மடங்கி நிமிரும்போது அழுந்தி விடுபட்டே அது மூட்டுக்குள் இருக்கும் பாயத்திலிருந்து தன் போசணையைப் பெறுகிறது. மூட்டைத் தாங்கிப் பிடிப்பது தொடையின் முன்பக்கத் தசை. அசையாமல் இருந்தால் அது மெலிகிறது, அது மெலிந்தால் நோவு கூடுகிறது, நோவு கூடினால் அம்மா இன்னும் குறைவாகவே அசைவார். எக்ஸ்ரேயில் கடும் தேய்வு தெரிந்தும் சாதாரணமாக நடமாடுபவர்கள் பலர் இருக்கிறார்கள் என்பதையும் அவருக்குச் சொல்லுங்கள்.

உறுதியான கதிரை ஒன்றில் அவரை நிமிர்ந்து உட்காரச் செய்து, ஒரு காலை மெல்ல நீட்டி, பாதத்தைத் தன் பக்கமாக மடக்கி, 5 வினாடிகள் அப்படியே வைத்திருந்து இறக்கச் சொல்லுங்கள். அப்போது தொடையில் கைவைத்துப் பார்த்தால் தசை இறுகுவது தெரியும். தெரியாவிட்டால் கால் சரியாக நீளவில்லை. ஒவ்வொரு காலுக்கும் 10 தடவை, காலையும் மாலையும் செய்யட்டும். பிறகு கைகளை ஊன்றாமல் கதிரையிலிருந்து எழுந்து உட்காரப் பழகலாம். பயிற்சியின்போது சிறு நோவு இருப்பதில் தவறில்லை. மறுநாள் காலையிலும் அது தணியாவிட்டால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். பலன் தெரிய 6 முதல் 12 வாரங்கள் ஆகலாம் என்பதால், இரண்டாம் வாரத்தில் சலித்துப்போய் விட்டுவிடுபவர்களே அதிகம். அரசாங்க வைத்தியசாலையின் இயன்மருத்துவப் பிரிவில் ஒருமுறை காட்டி, முறையைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

நடப்பதற்குக் கடற்கரை மணலை விட மரைன் டிரைவின் சமதரையே ஏற்றது. படியேறும்போது நல்ல காலும், இறங்கும்போது நோவுள்ள காலும் முதலில் போக வேண்டும். கைத்தடி பிடிப்பதானால் நோவுள்ள காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். நம்மில் பெரும்பாலானோர் அதை மாற்றியே பிடிக்கிறார்கள். திருவலையில் குந்தியிருந்து தேங்காய் திருவும் வேலையை வீட்டில் வேறு யாராவது ஏற்றுக்கொள்ளுங்கள்.

உடல் நிறையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் பாரம் ஏறத்தாழ 4 கிலோ குறைகிறது என்று 2005இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. அம்மா 4 கிலோ குறைத்தாலே போதும், முழங்கால் அதை உணரும். இராச் சோற்றைப் பாதியாக்கினால் நீரிழிவுக்கும் அது நன்மையே.

மருந்தென்றால் முதலில் பூசும் டைக்குளோபெனாக் ஜெல்தான். பாமசியில் தாமாகவே வாங்கி விழுங்கும் நோ மாத்திரைகள் இரத்த அழுத்தத்தைக் கூட்டி, நீரிழிவால் ஏற்கெனவே நலிந்திருக்கக்கூடிய சிறுநீரகத்தையும் கெடுக்கலாம் என்பதால், வைத்தியரைக் கேளாமல் அம்மா அவற்றைத் தொடவே கூடாது. கொழும்பில் இருப்பவர்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: காய்ச்சல் வந்தால், டெங்கு அல்ல என்று உறுதியாகும்வரை இப்யூபுரோபன், டைக்குளோபெனாக் போன்ற மாத்திரைகளை எடுக்கக் கூடாது; இரத்தக்கசிவு ஏற்படும் ஆபத்து உண்டு. மூட்டுக்குள் ஏற்றும் ஸ்டீரொயிட் ஊசி சில வாரங்களுக்கு நோவைத் தணிக்கும். ஆனால் சில நாட்களுக்குச் சீனியின் அளவை உயர்த்தும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை என இரண்டு ஆண்டுகள் அதை ஏற்றியவர்களுக்கு, உப்புநீர் ஊசி ஏற்றியவர்களை விடக் கசியிழையம் கூடுதலாகக் குறைந்ததையும், நோவில் வேறுபாடு இல்லாததையும் 2017இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. ஆகவே அதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம்.

மூட்டு திடீரெனச் சிவந்து சூடாகி வீங்கினாலோ, கூடவே காய்ச்சல் இருந்தாலோ அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அது வேறு வகை வாதமாக இருக்கலாம்.

கேள்வி: முழங்கால் தேய்வுக்கென்று வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பும் குளுக்கோசமின் மாத்திரைகள் பயன் தருமா?
– ஒரு வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: பிரித்தானியாவின் 2022ஆம் ஆண்டு மருத்துவ வழிகாட்டல் அதைக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்கிறது. அந்தப் பணத்தில் நல்ல சப்பாத்து ஒரு சோடி வாங்குவதே என் தெரிவு. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வோர்பரின் மருந்தை எடுப்பவராயின் வைத்தியரிடம் சொல்லாமல் விழுங்க வேண்டாம். சைவ உணவுக்காரராயின் போத்தலின் லேபிளையும் வாசியுங்கள். பெரும்பாலும் அது இறால், நண்டு ஓடுகளிலிருந்தே எடுக்கப்படுகிறது.