கிறிஸ்தவர்களில் ஒரு பிரிவுக்கு 'புராட்டஸ்டன்ட்' என்ற பெயர் எப்படி வந்தது? யார் எதை எதிர்த்தார்கள்?

தொடக்கம் காசு விவகாரம்தான். 1517-இல் ஜெர்மனியில் யோகான் டெட்சல் என்ற துறவி பாவத்தண்டனைக் குறைப்புச் சீட்டு விற்றுக்கொண்டிருந்தார். அச்சடித்த தாள், பெயருக்கும் தேதிக்கும் மட்டும் இடம் விட்டிருக்கும். காசைக் கொடுத்தால் பெயரை எழுதித் தருவார்கள். உத்தரிக்கும் ஸ்தலத்தில் (இறந்தவர்கள் சொர்க்கம் போகுமுன் பாவத்துக்குத் தண்டனை அனுபவிக்கும் இடம் என்பது நம்பிக்கை) தவிக்கும் அப்பா, அம்மாவுக்காகவும் வாங்கலாம். ஏழைகளின் பாசத்தையே காசாக்கியதுதான் இதில் பெரிய கொடுமை. வசூலில் பாதி ரோமில் புனித பேதுரு பேராலயம் கட்டப் போனது. மீதிப் பாதி, பேராயர் ஆல்பிரெக்ட் பதவிக்காக ஃபுக்கர் வங்கியில் வாங்கிய கடனை அடைக்க! மக்களுக்கு இது தெரியாது.

விட்டன்பர்க் பேராசிரியர் மார்ட்டின் லூதர் அக்டோபர் 31 அன்று இந்தச் சீட்டு விற்பனையை எதிர்த்து 95 வாதங்களை எழுதி அதே ஆல்பிரெக்ட்டுக்கு அனுப்பினார். கடன் கதை அவருக்கும் அப்போது தெரியாது.

சரி, பெயர்? அது 12 ஆண்டுகள் கழித்து வந்தது. அந்தந்த ஆட்சியாளரே மத விஷயத்தை முடிவு செய்யலாம் என்று 1526-இல் கொடுத்த சலுகையை, 1529-இல் ஸ்பையர் நகரில் கூடிய பேரரசு மன்றம் (ஜெர்மன் ஆட்சியாளர்களின் சபை) ரத்து செய்தது. சீர்திருத்தத்தின் பக்கம் நின்ற 6 சிற்றரசர்களும் 14 நகரங்களும் 'புரோட்டெஸ்டேஷன்' என்ற எதிர்ப்பு அறிக்கை கொடுத்தார்கள். அதைக் கொடுத்தவர்களுக்கு வந்த பெயர்தான் புராட்டஸ்டன்ட்.