லாஜிக் இடிக்கிறதே!

கேள்வி: நீங்கள் புகழ்ந்ததால் ‘டபிள் இண்டெம்னிட்டி’ பார்த்தேன். கீஸ் கிளம்பும்போது நாயகி ஃப்ளாட் கதவுக்குப் பின்னால், வராந்தாவில் ஒளிந்துகொள்கிறாள். எந்த ஊரில் வீட்டுக் கதவு வராந்தா பக்கம் திறக்கும்? லாஜிக் இடிக்கிறதே! இதையா ஃபிலிம் நுவாரின் (இருட்டும் குற்றமுமான அந்தக்கால ஹாலிவுட் படங்களின்) உச்சம் என்கிறீர்கள்?
– ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: இடிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இடித்தது லாஜிக் மட்டும்தான். அந்தக் கதவு யாரையும் இடிக்கவில்லை. எங்கள் அலுவலகக் கழிவறைக் கதவைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

அதுவும் வெளிப்பக்கம் திறக்கிற கதவுதான். வெளியே குறுகலான நடை. உள்ளே இருப்பவர் காரியம் முடிந்த நிம்மதியில் கொஞ்சம் உற்சாகமாகத் தள்ளினால், நடையில் போகிறவர் நெற்றி வீங்கும். டீ கொண்டுவரும் பையன் இரண்டு முறை வாங்கியிருக்கிறான். பிழை திருத்துபவர் ஒரு முறை. நேரில் கவிதை கொடுக்க வந்த ஒருவரும் வாங்கினார். (அதில் சதி எதுவும் இல்லை என்று மறுபடியும் தெரிவித்துக்கொள்கிறேன். அவர் இன்னும் நம்பவில்லை.) ஆசாரியைக் கூப்பிட்டு, ஏனய்யா இப்படி வைத்தாய் என்று கேட்டேன். “உள்ள தொறக்கிற மாதிரி வெச்சா வாளிய எங்க சார் வைப்பீங்க?” என்றார். என்னிடம் பதில் இல்லை.

1944ல் இந்தப் படத்தை இயக்கிய பில்லி வைல்டருக்கும் இதே பிரச்சினைதான். அவருடைய வாளியின் பெயர் பார்பரா ஸ்டான்விக்.

பார்க்காதவர்களுக்காக: இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் நெஃபும் ஃபிலிஸும் (ஸ்டான்விக்) சேர்ந்து அவள் கணவனைக் கொன்று, ரயிலிலிருந்து விழுந்து செத்ததாக ஜோடிக்கிறார்கள். ரயில் விபத்து என்றால் பாலிசித் தொகை இரண்டு மடங்கு. நெஃபின் ஃப்ளாட்டுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறார் கீஸ், அதே கம்பெனியில் கிளெய்ம்களைத் துருவுகிறவர். பொய்க் கிளெய்ம் வந்தால் தன் வயிற்றுக்குள் இருக்கும் குட்டி மனிதன் குடலை முடிச்சுப் போடுகிறான் என்பார். விஷம், துப்பாக்கி, குதித்தல் என்று தற்கொலைக் கணக்கை வகைவாரியாக ஒப்பிப்பார். அவர் கிளம்பும் நேரம் பார்த்து ஃபிலிஸ் வந்திருக்கிறாள். திறந்த கதவுக்குப் பின்னால் அவள், முன்னால் நெஃப். போன மனிதர் சுருட்டுக்கு நெருப்புக் கேட்டுத் திரும்புகிறார். அவரிடம் படம் முழுக்கத் தீக்குச்சி இருக்காது. நெஃபின் கையிலிருக்கும் கதவு மறுபக்கத்திலிருந்து லேசாக இழுபடுகிறது. நான் இங்கேதான் இருக்கிறேன் என்று அர்த்தம்.

உள்பக்கம் திறக்கும் கதவென்றால் அவள் எங்கே நிற்பாள்? மாடிப்படியில் இறங்கி ஓட வேண்டியதுதான். அது சாதாரணத் துரத்தல் படம்.

அந்தப் படத்தில் லாஜிக்குக்குக் கை கால் முளைத்தால் அது கீஸ். அவரே அந்தக் கதவு ஏன் இந்தப் பக்கம் திறக்கிறது என்று யோசிக்காமல் லிஃப்டைப் பார்த்துப் போய்விட்டார். உங்களை விருதுநகரிலிருந்து தருவித்து அந்தக் கம்பெனியில் உட்காரவைத்திருந்தால் கேஸ் அன்றைக்கே முடிந்திருக்கும். சரி, அப்புறம் கடைசிக் காட்சியில் நெஃபின் சிகரெட்டுக்குக் கீஸ் நெருப்பு வைக்கிறாரே, அதை யார் எடுப்பது?

வைல்டரோடு உட்கார்ந்து இந்தத் திரைக்கதையை எழுதியவர் துப்பறியும் நாவலாசிரியர் ரேமண்ட் சாண்ட்லர். இருவருக்கும் ஆகவே ஆகாது. பிரம்பை மூக்குக்கு நேரே ஆட்டுகிறார், ‘ரே, அந்த ஜன்னலைத் திற’, ‘அந்தக் கதவைச் சாத்து’ என்று ஏவுகிறார் என்றெல்லாம் வைல்டர் மேல் சாண்ட்லர் ஸ்டுடியோவில் புகார் கொடுத்தார் என்று கதை உண்டு. கதவைச் சாத்தச் சொன்னதற்குக் கோபித்துக்கொண்டவரிடம்தான் லாஜிக்கான கதவு கேட்கிறீர்கள். அவருடைய ‘தி பிக் ஸ்லீப்’ நாவலைப் படமாக்கியபோது, கார் டிரைவரைக் கொன்றது யார் என்று கேட்டு அவருக்கே தந்தி போனது. தனக்கும் தெரியாது என்றார்.

கதவு என்றதும் இன்னொரு பழைய கணக்கு ஞாபகம் வருகிறது. எட்கர் உல்மரின் ‘டீட்டூர்’ (1945) படத்தில் நாயகன் நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்கு லிஃப்ட் கேட்டுப் போகிறான். மேற்கே போகிறவன் திரையில் இடப்பக்கமாகப் போக வேண்டும் என்பதற்காகச் சில ஷாட்களில் நெகடிவையே புரட்டிப் போட்டுவிட்டார்கள். கார்களெல்லாம் சாலையின் இடப்பக்கம் ஓடுகின்றன. அமெரிக்கக் கண்ணுக்கு அவன் டிரைவர் கதவைத் திறந்து ஏறுகிறான். இதைக் கண்டுபிடித்து முன்பொரு சந்தாதாரர் மூன்று பக்கம் எழுதியிருந்தார். ‘நம்மூர்ச் சாலையில் அதுதானே சரியான பக்கம், உங்களுக்கு என்ன நஷ்டம்?’ என்று பதில் போட்டேன். சந்தாவை நிறுத்திவிட்டார். இப்போது நூலகத்தில் ஓசியில் படிப்பதாகக் கேள்வி. படிக்கட்டும்.

இன்னொன்று. நுவார் எடுக்கிறோம் என்று நினைத்து வைல்டரும் எடுக்கவில்லை, உல்மரும் எடுக்கவில்லை. யுத்த காலத்தில் பாரிஸுக்கு வராத அமெரிக்கப் படங்கள் பிறகு மொத்தமாக வந்து இறங்கின. 1946ல் நினோ ஃபிராங்க் என்ற விமர்சகர் அவற்றைப் பார்த்துவிட்டு எழுதியதிலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர் அது. இன்று இங்கே ஒருவர் நீல வெளிச்சத்தில் மழையில் நின்று புகை விட்டால் போதும், போஸ்டரில் நுவார். கரண்ட் போனால் என் வீடும் நுவார்தான். இதை நாலு இதழ்களில் சொல்லியாயிற்று, ஐந்தாவதிலும் சொல்வேன்.

நிஜமாவது லாஜிக்கோடு நடக்கிறதா? ஜேம்ஸ் எம். கெய்ன் எழுதிய மூலக்கதைக்குப் பின்னால் இருப்பது 1927ல் நியூயார்க்கில் நடந்த கொலை. ரூத் ஸ்னைடர் என்ற பெண்ணும் அவள் காதலனும் அவள் கணவரைக் கொன்றுவிட்டு, கொள்ளைக்காரர்கள் வேலை என்று ஜோடித்தார்கள். கணவர் பேரில் இருந்த பாலிசியிலும் இரட்டைத் தொகை ஷரத்து உண்டு. ‘கொள்ளைபோன’ நகைகளைப் போலீஸ் அவள் வீட்டு மெத்தைக்கு அடியிலேயே எடுத்தது. இதை நீங்கள் சிறுகதையாக எழுதி அனுப்பியிருந்தால், லாஜிக் இடிக்கிறது என்று நானே திருப்பி அனுப்பியிருப்பேன்.

இந்தப் பக்கம் வந்தால் அலுவலகத்துக்கு வாருங்கள். மிச்சத்தை டீ குடித்துக்கொண்டே பேசலாம். நடையில் மட்டும் இடது சுவரை ஒட்டியே வரவும்.