அக்காவின் செல்கள் தம்பியை ஏன் தாக்குகின்றன?

கேள்வி: ரத்தப் புற்றுநோய் வந்த தம்பிக்கு நான்தான் ஸ்டெம் செல் கொடுத்தேன். பத்துக்குப் பத்து பொருத்தம் என்றார்கள். ஐந்தாவது வாரம் அவன் உள்ளங்கை சிவந்து தடித்தது, அப்புறம் நிற்காத வயிற்றுப்போக்கு. என் செல்கள்தான் அவனைத் தாக்குகின்றனவாம். தாக்கும் செல்களை முதலிலேயே எடுத்துவிட்டுக் கொடுத்திருக்கக் கூடாதா?

பதில்: முதலில் ஒன்று, சகோதரி. இதில் உங்கள் தவறு எதுவுமே இல்லை. பத்துக்குப் பத்து என்பது, உடம்பு ‘இது என்னுடையது, இது அந்நியம்’ என்று அடையாளம் காண உதவும் எச்.எல்.ஏ. மரபணுக்களின் கணக்கு மட்டும்தான். அதற்கு வெளியே எத்தனையோ சிறு புரதங்களில் அக்காவும் தம்பியும் வேறுபடுவார்கள். ஆண்களுக்கு மட்டுமே உள்ள ஒய் குரோமோசோம் தரும் புரதங்களை உங்கள் டி செல்கள், அதாவது நோய் எதிர்ப்பு வேலை செய்யும் ஒருவகை வெள்ளணுக்கள், அந்நியமாகப் பார்க்கலாம். போதாததற்கு, ஸ்டெம் செல் மாற்று சிகிச்சைக்கு முன் கொடுத்த கடுமையான கீமோவில் குடலின் உட்சுவர் புண்ணாகி, அங்கிருக்கும் பாக்டீரியாக்களின் கழிவெல்லாம் உள்ளே கசிய, அந்த ஆபத்துச் சைகையில் டி செல்கள் முடுக்கிவிடப்பட்டுப் பலமடங்கு பெருகி தோல், குடல், கல்லீரல் மூன்றையும் தாக்குகின்றன.

சரி, டி செல்களை முன்பே எடுத்திருக்கலாமே? 1980-களில் அப்படித்தான் செய்து பார்த்தார்கள். இந்தத் தாக்குதல் நன்றாகவே குறைந்தது. ஆனால் பலருக்குப் புற்றுநோய் திரும்பி வந்தது, சிலருக்குப் புதிய மஜ்ஜை ஒட்டவே இல்லை, வைரஸ் தொற்றும் கூடியது. தம்பியின் உடம்பில் ஒளிந்திருக்கும் புற்றுசெல்களைத் தேடிக் கொல்வதும் இதே டி செல்கள்தான். 1990-ல் ஜெர்மனியில் டாக்டர் கோல்ப் குழுவினர், மாற்றுக்குப் பிறகு ரத்தப் புற்றுநோய் திரும்பியவர்களுக்குத் தானம் தந்தவரின் வெள்ளணுக்களையே மறுபடி ஏற்றி நோயை அடக்கிக் காட்டினார்கள்.

அதனால்தான் பல இடங்களில் டி செல்களை மொத்தமாக நீக்காமல் மருந்தால் கட்டுப்படுத்துகிறார்கள். மாற்று முடிந்த மூன்றாம், நான்காம் நாள் சைக்ளோஃபாஸ்பமைடு என்ற கீமோ மருந்தைக் கொடுத்து, வெறிகொண்டு பெருகும் டி செல்களை மட்டும் பெருமளவு அழிப்பது ஒரு வழி. மற்ற டி செல்களை அடக்கி அமைதிப்படுத்தும் வகை டி செல்கள் அதில் தப்பிவிடும். தாக்குதல் தொடங்கிவிட்டால் முதலில் ஸ்டீராய்டு, அதற்கு அடங்காவிட்டால் ரக்ஸோலிடினிப் என்ற மருந்து.

தம்பியின் மலத்தை நர்ஸ் அளந்து எழுதுகிறாரா? அலுத்துக்கொள்ளாதீர்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளில் 500 மில்லியைத் தாண்டுகிறதா என்பதை வைத்தே குடல் பாதிப்பின் படிநிலையைக் கணிக்கிறார்கள். கண் மஞ்சளானால் அன்றே சொல்லுங்கள். தோல் ஆறிவிட்டது என்று ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தவே கூடாது. மாதங்கள் கழித்துக் கண் வறண்டாலோ, வாய் புண்ணானாலோ, மாடி ஏறும்போது மூச்சு வாங்கினாலோ அதுவும் இந்த டி செல்களின் வேலையாக இருக்கலாம். நுரையீரல் சோதனை வேண்டுமா என்று நீங்களே டாக்டரிடம் கேளுங்கள்.