நாளுக்கு நூறு ரூபாய்: வீட்டுக்கடனை நாலு வருஷம் முன்பே முடிக்கும் கணக்கு

கேள்வி: நாங்கள் திருப்பூர் பெருமாநல்லூரில் இருக்கிறோம். வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், வாரச் சம்பளம். நான் வீட்டிலிருந்தே பிசிறு வெட்டுகிறேன். வீட்டுவசதி நிதி நிறுவனம் ஒன்றில் 20 லட்சம் கடன் வாங்கி, நாலு வருஷமாக மாசம் 17,356 ரூபாய் டியூ கட்டுகிறோம். ஒன்றுகூடத் தவறியதில்லை. எட்டு லட்சத்துக்கு மேல் கட்டியும் பாக்கி 18,18,000 என்கிறார்கள். எங்களை ஏமாற்றுகிறார்களா? தினமும் நூறு ரூபாய் மிச்சம் பிடித்துக் கட்டினால் பிரயோஜனம் உண்டா? முன்கூட்டிக் கட்டினால் அபராதம் என்கிறார்கள். வேறு பேங்க்குக்கு மாற்றினால் டியூ 15,210 ஆகிவிடும் என்று ஒரு ஏஜென்ட் நடையாய் நடக்கிறார். பக்கத்து வீட்டு அக்கா சீட்டில் போடச் சொல்கிறார். சோமனூரில் என் தம்பி வீட்டுப் பத்திரத்தை வைத்துத் தறிக்குக் கடன் வாங்கியிருக்கிறான். அவனுக்கும் இதே பதில்தானா?

பதில்: ஏமாற்றவில்லை அம்மணி. 20 லட்சம், 8.5 சதவீத வட்டி, 20 வருஷம் என்று கணக்குப் போட்டால் நாலு வருஷ முடிவில் இந்தப் பாக்கிதான் வரும். முதல் மாசம் நீங்கள் கட்டிய 17,356-இல் வட்டிக்குப் போனது 14,167. அசலில் கழிந்தது 3,190 ரூபாய்கூட இல்லை. இப்போதும் மாசாமாசம் 12,878 வட்டிக்குப் போகிறது, 4,478 மட்டும் அசலுக்குப் போகிறது. கடன் வாங்கும் அன்றைக்கே இந்த இரண்டு எண்ணையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கையில் கொடுத்திருந்தால் உங்களுக்கு இந்த நாலு வருஷ மனவருத்தம் வந்திருக்காது. நாற்பது பக்க ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கத் தெரிகிறவர்களுக்கு இதைச் சொல்ல மட்டும் நேரமில்லை.

உங்கள் நூறு ரூபாய்க்கு வருவோம். அசலுக்கு 4,478 போகிற இடத்தில் இன்னொரு 3,000 சேர்ந்தால் அசல் கரையும் வேகம் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிறது. இன்னும் 192 தவணை பாக்கி இருக்கிறது. மாசம் 3,000 கூடுதலாகக் கட்டினால் 142 தவணையில் கடன் முடிந்துவிடும். நாலு வருஷம் இரண்டு மாசம் மிச்சம். வட்டியில் சுமார் 4,43,000 ரூபாய் கையில் நிற்கும். நூறு முடியாது, ஐம்பதுதான் முடியும் என்றாலும் 163 தவணையில் முடியும், 2,62,000 மிச்சம்.

வாரச் சம்பளக்காரர்கள் தினமும் நூறு எடுத்து வைக்கிறேன் என்று இறங்க வேண்டாம். புதன்கிழமையே உண்டியலில் கை போய்விடும். சனிக்கிழமை பட்டுவாடா ஆனதும் 700 ரூபாயைத் தனியாக ஒரு சேமிப்புக் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள். அந்தக் கணக்குக்கு ஏ.டி.எம். கார்டு வாங்க வேண்டாம், ஃபோன் பே, ஜிபே எதிலும் அதைச் சேர்க்க வேண்டாம். 700 எங்கிருந்து வரும் என்றால், சாயங்காலம் பேக்கரியில் இரண்டு டீயும் பஃப்ஸும் சாப்பிடும் பழக்கத்தை வீட்டுக்கு மாற்றினாலே பாதி வந்துவிடும். குழந்தைகளின் படிப்பிலும் சாப்பாட்டிலும் கை வைத்துச் சேர்க்க வேண்டாம். நாலாம் மாசமே அலுத்து நிறுத்திவிடுவீர்கள். தீபாவளி போனஸில் 20,000 ஒதுக்கி இன்றைய நிலையில் ஒரே தடவையாகக் கட்டினால் அது மட்டுமே கடைசி நாலு தவணைக்கு மேல் அழித்துவிடும்.

இனிமேல் சொல்வதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கூடுதல் பணம் கட்டினால் நிறுவனம் அதை மூன்று விதமாக வரவு வைக்கலாம். தவணைத் தொகையைக் குறைக்கலாம், தவணை எண்ணிக்கையைக் குறைக்கலாம், அல்லது அசலைத் தொடாமல் அடுத்த மாசத் தவணைக்கு முன்பணம் என்று ஓரமாகப் போட்டு வைக்கலாம். மூன்றாவது உங்களுக்கு ஒரு காசுக்கும் ஆகாது. முதல் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். இன்றைக்கு 36,000 ரூபாய் கட்டித் தவணைத் தொகையைக் குறைத்துக்கொண்டால் மாசம் 344 குறையும், 16 வருஷத்தில் வட்டி மிச்சம் 30,000. அதே 36,000-ஐக் கட்டி எண்ணிக்கையைக் குறைத்தால் கிட்டத்தட்ட எட்டுத் தவணை போய்விடும், வட்டி மிச்சம் ஒரு லட்சம். ஆகவே பணத்தோடு ஒரு கடிதமும் போக வேண்டும். தமிழிலேயே எழுதுங்கள்:

"எனது கடன் கணக்கில் இன்று செலுத்தும் தொகை முழுவதையும் அசலில் வரவு வைக்கவும். மாதத் தவணை ரூ. 17,356 அப்படியே இருக்க, தவணைகளின் எண்ணிக்கையைக் குறைக்கவும். இதை முன்கூட்டிய தவணையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். திருத்திய தவணை அட்டவணையைத் தரவும்."

கடன் கணக்கு எண், தேதி எழுதி, நகலில் கிளையின் முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மாட்டேன் என்றால் அதையே அவர்கள் மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். அடுத்த தவணை போன பிறகு கணக்கு அறிக்கையைக் கேட்டு வாங்கி அசல் பாக்கி என்ற ஒரு எண்ணை மட்டும் பாருங்கள். வெறும் தவணை மட்டும் கட்டியிருந்தால் 18,13,522 இருக்கும். கூடுதல் 3,000 சேர்ந்திருந்தால் 18,10,500-ஐ ஒட்டி இருக்க வேண்டும். முதல் எண்ணே இருந்தால் உங்கள் பணம் எங்கோ சும்மா கிடக்கிறது. அந்த அறிக்கையோடு போய்க் கேளுங்கள். காலாண்டுக்கு ஒருமுறை, அதுவரை உங்களிடம் வசூலித்த அசல், வட்டி, மீதித் தவணை எண்ணிக்கை எல்லாம் காட்டும் அறிக்கை தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டிலேயே சொல்லிவிட்டது. ஆனாலும் கேட்டால்தான் வருகிறது.

அபராதம் என்றது தவறு. தனிநபர் குடியிருக்க வாங்கிய மாறும் வட்டிக் கடனுக்கு (இடையில் வட்டி ஏறி இறங்கும் கடனுக்கு) முன்கூட்டிக் கட்டும் கட்டணம் கிடையாது. வங்கிகளுக்கு 2012-இலேயே வந்த விதி இது, நிதி நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும். சில நிறுவனங்கள் "ஒரு தவணைத் தொகைக்குக் குறையாமல் கட்டுங்கள்" என்று தங்களுக்குள் வரம்பு வைத்திருக்கும். அப்படியானால் ஆறு மாசம் சேர்த்து 18,000-ஆகக் கட்டுங்கள். அந்தக் காத்திருப்பில் போகும் வட்டி சுமார் 320 ரூபாய்தான். அதற்காகச் சண்டை போட்டு ஒரு நாள் கூலியை விட வேண்டாம்.

ஏஜென்ட் சொல்லும் 15,210-ஐ நான் பிரித்துப் பார்த்தேன். 18,18,000 ரூபாய், 8 சதவீதம், 20 வருஷம் என்று போட்டால்தான் அந்தத் தொகை வருகிறது. உங்களுக்கு மிச்சம் 16 வருஷம், அவர் திரும்ப 20 வருஷம் எழுதுகிறார். மாசம் 2,146 குறைவது கண்ணுக்குத் தெரியும். 240 தவணையையும் கூட்டினால் 36,50,400. நீங்கள் இருக்கிற இடத்திலேயே கட்டினால் 33,32,352. வட்டி அரை சதவீதம் குறைந்தும் 3,18,000 ரூபாய் கூடுதலாகக் கட்டுவீர்கள். இதற்கு மேல் செயலாக்கக் கட்டணம், வக்கீல் கருத்துரை, மதிப்பீட்டுக் கட்டணம், புது அடமானப் பதிவுக்கு முத்திரைத் தீர்வை, பழையதை ரத்து செய்யும் ரசீதுப் பதிவு. ஏஜென்டுக்குக் கமிஷன் கடன் தொகையை வைத்துத்தான், அதனால்தான் "கூடவே மூணு லட்சம் டாப்-அப் போட்டுக்கலாங்க, மேல ஒரு ரூம் எடுத்துக்கலாம்" என்று கூடுதல் கடனைத் தலையில் கட்டப் பார்ப்பார். கடன் காப்பீட்டுக்கு ஒரே பிரீமியமாகப் பெரிய தொகையைக் கடனிலேயே ஏற்றி, அதற்கும் 20 வருஷ வட்டி போடுவார்கள். காப்பீடு எடுத்தால்தான் கடன் என்று சட்டம் எதுவும் இல்லை. கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

மாற்றவே கூடாது என்று சொல்லவில்லை. அதே 8 சதவீதத்தில், மிச்சமுள்ள 16 வருஷத்துக்கே எழுதினால் தவணை 16,815 வரும், மொத்தத்தில் 1,04,000 மிச்சம். மேலே சொன்ன செலவைக் கழித்து மீதி நின்றால் மாற்றலாம். அதற்கு முன் உங்கள் நிறுவனத்திடமே வட்டியைக் குறைக்கச் சொல்லி எழுதுங்கள். ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனுக்கான வட்டி, அதாவது ரெப்போ விகிதம், 2025-இல் மட்டும் 6.5-இலிருந்து 5.25 சதவீதத்துக்கு இறங்கியது. 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகள் கொடுத்த மாறும் வட்டி வீட்டுக்கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டவை, அது மாறினால் மூன்று மாசத்துக்குள் வட்டியையும் மாற்றியாக வேண்டும். நிதி நிறுவனங்கள் தங்கள் சொந்த அளவுகோலை வைத்துக்கொள்ளலாம். ஏற்றும்போது தாமாக ஏற்றுகிறார்கள், இறக்குவதற்கு நாம் போய் நின்று ஒரு கட்டணமும் கட்ட வேண்டியிருக்கிறது. இது என்ன நியாயம் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. புது வாடிக்கையாளருக்கு இன்றைக்கு என்ன வட்டி என்று கேட்டு, அதைக் காட்டிப் பேசுங்கள்.

சீட்டுக்குப் போகாதீர்கள். பதிவான சீட்டிலேயே நடத்துபவருக்கு 7 சதவீதம் வரை கமிஷன் எடுக்கச் சட்டம் இடம் தருகிறது. ஒரு லட்சம் சீட்டில் 7,000 அங்கேயே போய்விடும். பதிவாகாத தெருச் சீட்டில் நடத்துகிறவர் ஒரு ராத்திரி வீட்டைப் பூட்டிப் போனால் கேட்க நாதியில்லை. 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி வளர்ப்பு மோசடியில் பணம் போட்டு ஏமாந்தவர்களில் நிலப் பத்திரத்தை அடகு வைத்துப் போட்டவர்களும் உண்டு. வீட்டுக்கடனைச் சீக்கிரம் அடைக்க வேண்டும் என்ற ஆசையைத்தான் இப்படிப்பட்டவர்கள் முதலில் மோப்பம் பிடிக்கிறார்கள். அசலில் கட்டும் ஒவ்வொரு ரூபாயும் 8.5 சதவீத வட்டியை நிச்சயமாக மிச்சம் பிடிக்கிறது, அந்த வருமானத்துக்கு வரியும் இல்லை.

தம்பியின் விஷயம் வேறு, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். வீட்டுப் பத்திரத்தை வைத்தாலும் பணம் தறிக்குப் போனதால் அது தொழில் கடன். இதில் மூன்று கேள்வி. ஒன்று, கடன் எப்போது அனுமதிக்கப்பட்டது அல்லது புதுப்பிக்கப்பட்டது? 2026 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ என்றால், முன்கூட்டிக் கட்டும் கட்டணம் பற்றிய ரிசர்வ் வங்கியின் புது விதி பொருந்தும். அதற்கு முன் என்றால் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் கட்டணத்தை வாங்குவார்கள். இரண்டு, வட்டி மாறுவதா, நிலையானதா? புது விதியின் பாதுகாப்பு மாறும் வட்டிக்குத்தான். முதல் சில வருஷம் நிலை, பிறகு மாறும் என்று கலந்து இருந்தால், பணம் கட்டும் நாளில் எது நடக்கிறதோ அதுதான் கணக்கு. மூன்று, யார் கொடுத்தது? வணிக வங்கிகள் தனிநபருக்கும் குறு, சிறு தொழிலுக்கும் கட்டணம் கேட்கக் கூடாது. சிறு நிதி வங்கி, கிராம வங்கி, மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கி போன்றவை 50 லட்சம் வரை அனுமதித்த கடனுக்குக் கேட்கக் கூடாது. தறிக்காரர்கள் பலர் கடன் வருஷாவருஷம் புதுப்பிக்கப்படுவதைக் கவனிப்பதில்லை. புதுப்பித்த தேதி 2026-இல் விழுந்திருந்தால் பழைய ஒப்பந்தத்தைக் காட்டிக் கட்டணம் கேட்க முடியாது. அந்தத் தேதியைத் தம்பி முதலில் தேடட்டும்.

வீட்டில் நகைக்கடன் இருந்தால் 700-ஐ முதலில் அங்கே கட்டுங்கள், அதன் வட்டி பெரும்பாலும் கூடுதல். மூன்று தவணைக்கான 52,000 ரூபாயைத் தனியாக வைக்காமல் கூடுதல் கட்ட ஆரம்பிக்க வேண்டாம். ஆர்டர் குறைந்து கம்பெனியில் வேலை இல்லாமல் போகும் மாசங்கள் உங்களுக்கே தெரியும். அசலில் போட்ட பணம் திரும்ப வராது, கணக்கில் பணமில்லாமல் தவணை ஒன்று திரும்பினாலும் அபராதமும், உங்கள் கடன் நாணயத்தைக் காட்டும் சிபில் மதிப்பெண்ணின் இறக்கமும் சேர்ந்தே வரும்.

கடிதத்துக்கு 30 நாளில் பதில் வராவிட்டால் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதிவிட்டு, உங்களுடையது வீட்டுவசதி நிதி நிறுவனம் என்பதால் தேசிய வீட்டுவசதி வங்கியில் புகார் செய்யுங்கள். தம்பியின் கடன் வங்கிக் கடன் என்றால் அவனுக்கு ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். இரண்டு இடத்திலும் முதலில் கேட்பது முத்திரை போட்ட கடிதத்தின் நகல்தான்.