முதலில் எதைச் சரிசெய்வது: டிஃபென்ஸா, அட்டாக்கா?

கேள்வி: நானும் அண்ணனும் சின்ன வயதிலிருந்தே ஒரே கால்பந்து அணியின் ரசிகர்கள். எங்கள் அணி லீக்கில் தொடர்ந்து ஆறு ஆட்டங்கள் தோற்றுவிட்டது. அடித்தது 5 கோல், வாங்கியது 13. "இன்னொரு டிஃபெண்டரை இறக்கிப் பின்னால் பூட்டுப் போடணும்" என்கிறார் அண்ணன். கேட்டால் பூட்டுப் போட்டே 2004 யூரோ கோப்பையை வென்ற கிரீஸ் அணியைக் காட்டுகிறார். எனக்குப் பிடித்தது 1982 உலகக் கோப்பையில் அடித்து ஆடிய பிரேசில். தோற்பதுதான் தோற்கிறோம், அடித்து ஆடியே தோற்போமே என்பது என் கட்சி. தோற்ற ஆட்டங்களிலும் எதிரணியைவிட நாங்கள்தான் அதிக ஷாட் அடித்திருக்கிறோம். கோல் அடிக்கும் நல்ல ஸ்ட்ரைக்கர் ஒருவர் வந்தால் போதும். போன வாரம் பேச்சு முற்றி, "உனக்கு ஆட்டமே தெரியாது" என்று சொல்லிவிட்டு அண்ணன் பாதியில் எழுந்து போய்விட்டார். இப்போது தனியாகத்தான் பார்க்கிறார். யார் சொல்வது சரி? அவரிடம் எப்படிப் பேசுவது? கோச்சை மாற்றினால் தீருமா?

பதில்: நீங்கள் கொடுத்த கணக்கிலிருந்தே தொடங்குவோம். ஆறு ஆட்டத்தில் 13 என்றால் ஆட்டத்துக்கு இரண்டு கோலுக்கு மேல் வாங்குகிறீர்கள். இப்படி வாங்கிக்கொண்டே ஜெயிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு வாரமும் மூன்று கோலாவது அடிக்க வேண்டும். 2013-14 இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் பட்டம் வென்ற மான்செஸ்டர் சிட்டி 38 ஆட்டங்களில் 102 கோல் அடித்தது. அவர்களுக்கே சராசரி மூன்றைத் தொடவில்லை. அதே சீசனில் லிவர்பூல் 101 கோல் அடித்தது. ஆனால் சிட்டி 37 வாங்க, லிவர்பூல் 50 வாங்கியது. இரண்டே புள்ளியில் பட்டம் கைநழுவியது. நீங்கள் கேட்கும் ஸ்ட்ரைக்கர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் இந்த ஓட்டையை அவரால் அடைக்க முடியாது. எது முதலில் என்று கேட்டால் நான் அண்ணன் பக்கம்தான்.

அந்த ஷாட் கணக்கையும் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். அந்த ஷாட்களில் எத்தனை, உங்கள் அணி பின்தங்கிய பிறகு வந்தவை? ஒரு கோல் முன்னிலை கிடைத்ததும் எதிரணி பின்னுக்குப் போய்விடும். பந்தை உங்களிடமே விட்டுவிடும். தூரத்திலிருந்து அடிக்க இடமும் கொடுக்கும். அப்படி வரும் ஷாட்களால் எண்ணிக்கை ஏறும், கோல் ஏறாது. ஸ்கோர் 0-0 ஆக இருக்கும்போது எத்தனை நல்ல வாய்ப்பு வந்தது என்பதை மட்டும் எண்ணிப் பாருங்கள். அந்த எண் உங்களுக்கு வேறு கதை சொல்லும் என்றுதான் நினைக்கிறேன்.

சரி, அண்ணன் சொல்கிறபடி இன்னொரு டிஃபெண்டரை இறக்கினால் தீருமா? அங்கேதான் எனக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஐந்து பேர் பெனால்டி பாக்ஸை ஒட்டி நின்றுகொண்டால், பந்தை வெளியே அடித்ததும் அதை வாங்கி வைத்துக்கொள்ள முன்னால் ஆள் இருக்காது. ஸ்ட்ரைக்கர் தனியாக, வெகு தூரத்தில் நிற்பார். பந்து உடனே எதிரணியிடம் போய், திரும்பவும் உங்கள் பாக்ஸுக்கே வரும். ஆட்டம் முழுக்க இதுவே நடந்தால் எங்காவது ஒரு கால் தவறத்தான் செய்யும்.

தோற்கும் அணி வாங்கும் கோல்களில் பல டிஃபென்ஸில் தொடங்குவதில்லை. கோல் விழுந்ததும் எல்லோர் கண்ணும் கடைசியாக ஆளை விட்ட சென்டர் பேக்கின் (நடுவில் நிற்கும் டிஃபெண்டர்) மேல் போகிறது. பத்து நொடி பின்னால் ஓட்டிப் பாருங்கள். இடது ஃபுல் பேக் (ஓரத்தில் நிற்கும் டிஃபெண்டர்) முன்னே ஏறியிருப்பார். நடுக்களத்தில் ஒரு சோம்பலான பாஸ் வெட்டப்பட்டிருக்கும். பந்தைத் தொலைத்தவர் கையை விரித்துக்கொண்டு நிற்பார், பக்கத்தில் இருப்பவரும் துரத்த மாட்டார். ஃபுல் பேக் விட்டுப்போன இடத்தில் எதிரணி ஓடி வரும். இரண்டு சென்டர் பேக்குகளுக்கு எதிராக மூன்று பேர். அதற்குப் பிறகு யார் நின்றாலும் ஒன்றும் செய்ய முடியாது. இது டிஃபென்ஸின் தவறா, அட்டாக்கின் தவறா? தாக்கும்போது பின்னால் யார் காவல் நிற்பது, பந்து பறிபோன நொடியில் யார் துரத்துவது என்று பேசி வைக்காத தவறு. முன்கள வீரர்களுக்கும் இதில் பாதிப் பங்கு உண்டு.

இதைச் சரிசெய்ய முடியும் என்பதற்கு 2015-16 லெஸ்டர் சிட்டியைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. முதல் ஒன்பது லீக் ஆட்டங்களில் அவர்கள் 17 கோல் வாங்கினார்கள். அதில் 5 ஆர்சனல் ஒரே ஆட்டத்தில் அடித்தது. அதற்கு அடுத்த ஆட்டத்தில் கோச் ரனியேரி இரண்டு ஃபுல் பேக்குகளையும் மாற்றினார். சிம்ப்சனும் ஃபூக்ஸும் உள்ளே வந்தார்கள். ஸ்ட்ரைக்கர் வார்டி வழக்கம்போல முன்னால் ஓடிக்கொண்டேதான் இருந்தார். கோல் வாங்காமல் ஒரு ஆட்டம் முடித்தால் எல்லோருக்கும் பீட்சா என்று வேறு சொல்லி வைத்திருந்தார் ரனியேரி. பத்தாவது ஆட்டத்தில் கிரிஸ்டல் பேலஸை 1-0 என்று வென்று அதை வாங்கிக்கொண்டார்கள். மீதி 29 ஆட்டங்களில் வாங்கியது மொத்தமே 19. கடைசிக் கட்டத்தில் தொடர்ந்து நான்கு ஆட்டங்களை 1-0 என்றே ஜெயித்துப் பட்டத்தையும் தூக்கினார்கள்.

அண்ணனின் கிரீஸும் உங்கள் பிரேசிலும் கூட இதே கதைதான். 2004 யூரோவில் கிரீஸ் காலிறுதி, அரையிறுதி, இறுதி மூன்றையும் 1-0 என்று வென்றது, உண்மை. ஆனால் அரையிறுதி கோலும் இறுதி ஆட்டக் கோலும் கார்னரில் தலையால் முட்டி வந்தவை. பூட்டுப் போட்டவர்கள், தங்களுக்குக் கிடைக்கும் சில வாய்ப்புகளை எப்படி கோலாக்குவது என்பதையும் யோசித்து வைத்திருந்தார்கள். 1982-இல் இத்தாலிக்கு எதிராக, அரையிறுதிக்குப் போக பிரேசிலுக்கு டிரா போதும். 3-2 என்று தோற்றது. இத்தாலியின் பாவ்லோ ரோஸி அடித்த இரண்டாவது கோல் எப்படி வந்தது? பிரேசிலின் செரேஸோ தன் பாதியிலேயே குறுக்கே தட்டிய கவனமில்லாத ஒரு பாஸ். அந்த அணியை எனக்கும் ரொம்பப் பிடிக்கும். அந்த பாஸை இன்றைக்குப் பார்த்தாலும் மனசு வலிக்கும்.

இனி அண்ணன் விஷயம். அணி ஜெயித்துக்கொண்டிருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காது. ஆறு வாரமாக இரண்டு பேருக்குமே வயிற்றெரிச்சல், அதைக் கொட்ட ஒருவருக்கு ஒருவர்தான் கிடைத்தீர்கள். "பூட்டுப் போடணும்" என்பவர், இன்னொரு தோல்வியைப் பார்க்கச் சக்தியில்லாமல் சொல்கிறார். அதைக் கோழைத்தனம் என்று நீங்கள் எடுத்துக்கொண்டால் அவருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? சின்னவர் நீங்கள், நீங்களே போய்க் கூப்பிடுங்கள். "கோல் வாங்குவதை முதலில் நிறுத்தணும்னு நீங்கள் சொன்னது சரிதான் அண்ணா" என்று ஆரம்பியுங்கள், ஏனென்றால் அது சரிதான். அப்புறம் அந்த 13 கோலையும் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் பந்து எங்கே பறிபோனது, அப்போது யார் எங்கே நின்றார்கள் என்று ஒரு தாளில் குறியுங்கள். யார் ஜெயித்தது என்ற பேச்சு வேண்டாம். ஆட்டம் நடக்கும்போதும் வாதம் வேண்டாம், எரிகிற நேரத்தில் யாருக்கும் எதுவும் ஏறாது.

கோச்சைப் பற்றிக் கேட்டீர்கள். ஆறு தோல்வியை மட்டும் வைத்து நான் மாற்றச் சொல்ல மாட்டேன். அந்தத் தாளைப் பாருங்கள். கோல்கள் வெவ்வேறு விதமாக விழுந்திருந்தால், முதல் கோல் வாங்கிய பிறகும் வீரர்கள் சேர்ந்து ஓடித் திரும்பினால், அவருக்கு இன்னும் அவகாசம் கொடுக்கலாம். ஒரே ஃபுல் பேக்குக்குப் பின்னால், ஒரே மாதிரி, வாரா வாரம் விழுந்திருந்தால் பயிற்சியில் யாரும் அதைத் தொடவே இல்லை என்று அர்த்தம். அப்போது நீங்களும் அண்ணனும் ஒரே குரலில் கோபப்படலாம்.